கோச் டீட்ஸுக்கு நான் சொன்ன புத்தி

அமெரிக்காவின் ஐயோவாவில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தரைவிரிப்பு விற்கும் லொவெல் கிரீகர் நான்தான். பள்ளி நாட்களில் ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் எங்கள் ஊர் ஃபுட்பால், ஆடியவன் என்று சொல்லிக்கொள்வேன். ஆடியது உண்மை. ஒரே ஒரு ஆட்டம், அதுவும் எதிரணியின் பஸ் வழியில் பழுதாகி அவர்களில் பாதிப் பேர் வந்து சேராத நாளில். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்க் கல்லூரி அணியின் கோச் ஹார்லன் டீட்ஸுக்குப் பல வருஷமாகப் புத்தி சொல்லிவந்தேன். நான் யாரென்றே அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால், மைதானத்து வாசலில் வண்டிகள் நிற்கும் இடத்தில் அடுப்பு மூட்டி சாஸேஜ் சுடுவோம். பல் டாக்டர் ஆர்வின், என் கடையில் கணக்குப் பார்க்கும் மார்லிஸ், நான். அந்த வருஷம் பேச்செல்லாம் கோல்பி ரஸ்மசனைப் பற்றித்தான். பனைமர உயரம், முறம் மாதிரி கை. தூரத்திலிருந்து எறியும் பந்தைத் தாவிப் பிடிப்பதற்கென்றே பிறந்தவன். ஆனால் மூன்றாவது வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "அவனுக்குள்ள ஒரு பெரிய ஆட்டக்காரன் இருக்கான். அவன் வெளிய வரட்டும், ஆட விடறேன்" என்று கோச் பேட்டி கொடுத்திருந்தார்.

"ஆட விடாம எப்படிய்யா வெளிய வருவான்? கோழிக்குஞ்சு மாதிரி ஓட்டைக் கொத்திக்கிட்டா?" என்றான் ஆர்வின்.

"அந்தாளுக்குக் கண்ணு போதாது. ஒருத்தன்கிட்ட என்ன இருக்குன்னு பாத்ததும் தெரியணும். எனக்குத் தெரியுது" என்றேன்.

மார்லிஸ் சாஸேஜைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமா லொவெல்?"

"தெரியாமலாம்மா கடை நடத்தறேன்?"

அவள் அடுத்த சாஸேஜைப் புரட்டினாள். வீடுகளுக்குப் போய் அளவெடுத்து வியாபாரம் பேசும் வேலையைத் தனக்குத் தரும்படி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஒவ்வொரு தடவையும், "உன்கிட்ட திறமை இருக்கு மார்லிஸ், நேரம் வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு என் மூளை அன்று வேலை செய்யவில்லை.

திங்கட்கிழமை ரேடியோவில் கோச் ரசிகர்களுடன் பேசுவார். போன் போட்டேன். "கோல்பியை ஏன் கோச் வீணடிக்கிறீங்க?"

"நீங்க சனிக்கிழமை மட்டும்தான் பாக்கறீங்க. தினமும் பயிற்சியில அவன் பந்தை விடறதை நான் பாக்கறேன்" என்றார் நிதானமாக. "ஆனாலும் இந்த வாரம் இறக்கலாம்னுதான் இருக்கேன்."

கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் தங்கியது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், கோச்சை வழிக்குக் கொண்டுவந்ததே நான்தான் என்று சொன்னேன்.

சனிக்கிழமை கோல்பி இறங்கினான். முதல் பந்து விரலிடுக்கில் நழுவியது. அடுத்தது அவன் மார்பில் பட்டு எகிறி எதிரணிக்காரன் கைக்குப் போனது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் எல்லைக்கோடுவரை ஓடிப் புள்ளி எடுத்துவிட்டான். நான் எழுந்து நின்று கத்தினேன். "அவனை வெளிய தூக்குங்கய்யா!"

முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பினாள். "ரேடியோல அந்தப் பையனுக்காகப் பேசினது நீங்கதானே? அதே குரலா இருக்கே?"

"நானில்லீங்க" என்றேன். மார்லிஸ் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

கோச் கோல்பியின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி உள்ளே அனுப்பினார். இன்னொன்றை விட்டான், இரண்டைப் பிடித்தான். தோற்றோம். அடுத்த வாரமும் கோச் அவனைத்தான் இறக்கினார்.

திங்களன்று மார்லிஸ் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். "லூத்தரன் சர்ச் ஹாலுக்கு விரிப்புப் போடற வேலையை நான் பாக்கறேன்."

வாயைத் திறந்தேன்.

"நேரம் வரும்னு மட்டும் சொல்லாதீங்க. சனிக்கிழமை உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் போனாள், அளந்தாள், தப்பாக அளந்தாள். விரிப்பு ஒரு சுவரோரம் ஒரு முழம் குறைந்தது. தகவல் வந்ததும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். பாதிரியார் கவலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நகரு மார்லிஸ், நான்…" என்று ஆரம்பித்தேன்.

"வெளிய போய் நில்லுங்க லொவெல்" என்றாள், மண்டியிட்டபடியே.

போய் நின்றேன். நல்ல குளிர். உள்ளே அவள் பாதிரியாரிடம், "தப்பு என்னுது, இப்பவே ஒட்டுப்போட்டுத் தரேன்" என்று சொல்வது கேட்டது. மாலைக்குள் முடித்துவிட்டாள். ஒட்டு கொஞ்சம் தெரிந்தது. பாதிரியார் அதன்மேல் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார்.

இப்போது வீடுகளுக்கு அவள்தான் போகிறாள். ஜனங்களும் அவளைத்தான் கேட்டு வருகிறார்கள். கணக்கு என் தலையில் விழுந்துவிட்டது. தப்பில்லாமல் நான் கூட்டிய பக்கம் இதுவரை ஒன்றுமில்லை. மார்லிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, தேறிடுவீங்க" என்று சொல்லிப் போகிறாள்.