ஆணியின் மூன்று கேசட்டுகள்

ஆணிக்கு யாரையும் பிடிக்காது. சோபாக் கடை முதலாளியைப் பிடிக்காது, எதிர்வீட்டுக்காரியைப் பிடிக்காது, தன்னுடைய பங்க் இசைக்குழுவில் கிடார் வாசிப்பவனைப் பாட்டு ஓடும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் பிடிக்கும். சோபாவுக்குத் துணியை இழுத்துப் பிடித்து, வாயில் அடக்கி வைத்திருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பது அவள் வேலை. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். யாராவது பேச்சுக் கொடுத்தால் வாயைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம் என்பதே அந்த வேலையில் அவளுக்குக் கிடைத்த பெரிய சுகம்.

வேலை முடிந்தால் டிரம்ஸ். பாட்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கையை எடுத்துவிடுவாள். மொத்தக் குழுவும் கப்சிப். கைதட்டலாமா வேண்டாமா என்று கூட்டம் திருதிருவென விழிக்கும். பிறகு ஓங்கி ஓர் அடி. விட்ட இடத்திலிருந்து அல்ல, பாட்டு நிற்காமல் ஓடியிருந்தால் எங்கே போயிருக்குமோ அங்கிருந்து கிளம்பும். ஊரெல்லாம் அவளைப் பற்றிப் பேசியது இந்த மௌனத்துக்காகத்தான். இது வேண்டாம் என்ற இரண்டு கிடார்காரர்களை அவள் விரட்டியே விட்டாள். "ஒரிஜினல் ஆல்பத்துலயே அப்படித்தான்டா இருக்கு. காது இருந்தா கேளு" என்பாள். அவர்கள் எங்கே போய்க் கேட்பது? அவர்கள் வாசித்த பாட்டுகள் இருந்த மூன்று பழைய ஆல்பங்களும் யாருக்கும் கிடைக்காதவை. அவளிடம் மட்டும், அண்ணன் தனக்கு வேண்டாமென்று கொடுத்த கேசட்டுகளாக இருந்தன.

வானொலியில் பிடித்த ஆல்பங்களைப் பற்றிப் பேச அவளைக் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளர் விடாக்கண்டன். 'நாய் வண்டி', 'மூடிய கடை', 'பல்வலி' மூன்றையும் இசைத்தட்டாகவே தேடிப் பிடித்து வைத்திருந்தான். முதல் தட்டைச் சுழலவிட்டான்.

"இப்போ நிக்கும் பாருங்க" என்று ஆணி விரலை உயர்த்தினாள்.

பாட்டு நிற்கவில்லை. அவள் விரல் அந்தரத்தில் இருக்க, அது பாட்டுக்கு ஓடியது. அடுத்ததும் நிற்கவில்லை, மூன்றாவதும் நிற்கவில்லை.

"எங்கங்க நிக்குது?"

"உங்க தட்டு சரியில்ல."

"மூணுமா?" அவன் சிரித்துவிட்டான். "சரி, ஒலிபரப்பு நாளைக்குத்தான். உங்களை ரொம்பப் பாதிச்சது யாருன்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க."

அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. இத்தனை வருஷமாக இல்லாத ஒன்றைச் சொல்லி ஊரை மிரட்டியிருக்கிறாள்! விரட்டப்பட்ட கிடார்காரர்கள் நாளைக்கு ரேடியோவைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய்க் கேசட்டுகளை எடுத்துப் பார்த்தாள். கம்பெனி கேசட்டின் முதுகில் ஓட்டை இருக்கும், மேலே எதையும் பதிய முடியாது. அந்த ஓட்டையில் பேப்பர் ஒட்டினால் பதியலாம், இருக்கும் பாட்டை அழிக்கவும் செய்யலாம். மூன்றிலும் கச்சிதமாகப் பேப்பர் ஒட்டியிருந்தது. உடைந்ததை அண்ணன் ஒட்டிக் கொடுத்திருக்கிறான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளே, அந்த மடத்தனத்தை என்ன சொல்ல!

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பல காலம். அவள் நுழைந்ததும் அவன் ஃபிரேமைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"என்ன, பார்வை மங்கிடுச்சா?"

"இதை அழிச்சது நீதானே?" கேசட்டுகளைக் கண்ணாடி மேஜைமேல் வீசினாள்.

அவன் பார்த்தான். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. "இப்போதான் தெரியுதா? ஒரே ரூமு. நான் பரீட்சைக்குப் படிக்கணும், நீ பாட்டைப் போட்டுட்டு தகர டப்பாவைத் தட்டுவ. நடுநடுவுல சத்தத்தை அழிச்சா, அங்கயாவது தட்டுறதை விடுவியான்னு பாத்தேன். அந்த நேரத்துல ரெண்டு வரி படிச்சுப்பேன்."

"படிச்சியா?"

"எங்க படிக்க? நீ மறுபடி எப்போ ஆரம்பிப்பியோன்னு பயந்துகிட்டே உக்காந்திருப்பேன். சனியன், பாட்டு திரும்பி வர்ற அதே நொடியில டமால்னு அடிப்ப." அவன் ஃபிரேமைக் கீழே வைத்தான். "அப்போ உன் பேரும் புகழும் நான் போட்ட பிச்சைதானே?"

அவளுக்கு அவன் கடையை முழுக்க நொறுக்க வேண்டும்போல் இருந்தது. பாட்டு செத்துக் கிடந்த அந்த இடங்களில், தகர டப்பாவுக்கு மேல் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, கால் கட்டைவிரலால் தரையில் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு தடவைகூட முந்தியதில்லை, பிந்தியதில்லை.

"அழிச்சது நீ. எண்ணிக்கிட்டு இருந்தது நான்" என்றாள். கேசட்டுகளை வாரிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் பின்னாலிருந்து என்னவோ கத்தினான், அவள் திரும்பவில்லை.

தெருமுனையில் நின்று வானொலிக்குப் போன் போட்டாள்.

"அந்த மூணு பாட்டும் எங்கயும் நிக்காது. நான்தான் தப்பாச் சொன்னேன். அதை வெட்டாமப் போடுங்க."

"போடறேன். உங்களைப் பாதிச்சது யாரு? யோசிச்சீங்களா?"

"என் அண்ணன்."

"அட! அவரும் வாசிப்பாரா?"

"இல்ல. நான் வாசிக்கவே கூடாதுன்னு நெனச்சவன். அப்படியே போடுங்க, அவன் கடையில நாள் பூரா ரேடியோ ஓடும்."