மிஸ் ஓசெல்லாவின் மூக்கு

மிஸ் ஓசெல்லா ட்ரூவிட் எங்கள் ஊர் நகராட்சியின் கண்ணில் பட ஐம்பத்தெட்டு வருடம் ஆயிற்று. ஜார்ஜியா வெயிலில் யாரால்தான் வேகமாக நடக்க முடியும், பாவம்.

1966இல் அவர் நகர டென்னிஸ் கோப்பையை வென்றார். கறுப்பர்களில் முதல் ஆள். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. தோற்றுப்போன வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கோப்பையை டென்னிஸ் கிளப்பின் சமையலறை வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். முன்வாசலில் பெயின்ட் காயவில்லையாம்.

அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது ஒரு சுவர். நல்ல ஆடுகளங்களில் கறுப்பர்களான எங்களை விடாத காலம் அது. எங்கள் பூங்காவின் ஓரத்தில், மூடிப்போன சலவைக்கூடத்தின் சுவர் ஒன்று நிற்கிறது. அதில் வலையின் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டு, அதற்கு மேலே பந்தை அடித்து அடித்தே கற்றார். பிறகு நாற்பது வருடமாக எங்கள் தெருப் பிள்ளைகளையும் அங்கேயே நிறுத்தினார். இருப்பது நாலு பேர் ஆடும் ஒரே ஆடுகளம், சனிக்கிழமை வருவது முப்பது பிள்ளைகள். சுவர் இல்லையென்றால் இருபத்தாறு பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நானும் அங்கே நின்றவன். கடைசியில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன் என்றால் அது சுவரின் குற்றமல்ல.

போன மே மாதம் நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. மிஸ் ஓசெல்லாவைக் கௌரவிக்க, அவரைக் கேட்காமலேயே அந்தச் சுவர் முழுக்க அவர் முகத்தை வரைந்துவிட்டார்கள். பன்னிரண்டு அடி உயரம். வெள்ளைக் கோடு போயே போச்சு. பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை: 'கலைப் படைப்பு. பந்து அடிக்கக் கூடாது.'

திறப்பு விழாவில் கவுன்சிலர் ப்ரூவர் முக்கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகளை நாற்காலிகளில் உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். மிஸ் ஓசெல்லா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்னெல், இனிமே புள்ளைங்க எங்க போய் அடிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"அதை யாரும் யோசிக்கல, மிஸ் ஓசெல்லா. உங்க முகத்தைத்தான் யோசிச்சிருக்காங்க."

"என் முகத்துக்கு இப்ப என்ன அவசரம்? இத்தனை வருஷம் சும்மாதானே இருந்துச்சு."

"ரெண்டு வார்த்தை பேசுங்க, மிஸ் ட்ரூவிட்" என்று கவுன்சிலர் மைக்கை நீட்டினார். மிஸ் ஓசெல்லா அதை வாங்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம் மட்டையையும் பந்தையும் வாங்கினார். எழுபத்தேழு வயது, வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆனாலும் பந்து நேராகப் போய்ச் சுவரிலிருந்த அவர் மூக்கிலேயே பட்டது. கொஞ்சம் பெயின்ட் உதிர்ந்தது.

"ஐயோ, மிஸ் ட்ரூவிட்! அது உங்க முகம்!"

"என் முகம்தானேப்பா? உன் முகத்துலயா அடிச்சேன்?" பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "தாடைக்குக் கீழ பட்டா வலையில விழுந்த மாதிரி. மூக்கைப் பாத்து அடிங்க. எந்திரிச்சு வாங்க!"

முப்பது நாற்காலிகளும் காலியாயின. நான் சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

மறுநாள் செய்தித்தாளில் மிஸ் ஓசெல்லாவின் படம் வந்தது, முதன்முறையாக. மட்டையை ஓங்கிய கையோடு, 'பொதுச் சொத்துக்குச் சேதம்' என்ற தலைப்பின் கீழே. அதை வெட்டி, சட்டம் போட்டு, கோப்பைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

பலகையைக் காணோம். எங்கே என்று என் ஸ்குரூடிரைவரைத்தான் கேட்கவேண்டும். நகராட்சி இரண்டு முறை ஆள் அனுப்பி மூக்கு வரைந்து பார்த்து, ஓய்ந்துவிட்டது. சனிக்கிழமை வந்து பாருங்கள். சுவரில் மூக்கு இருக்காது. ஒரு பிள்ளையும் சும்மா நிற்காது.