வால்டர் அங்கிளின் காலாட்படைக் கொடி

எம்பிராய்டரிக் கடை வைத்திருக்கும் நண்பர்களே, நம் தொழிலில் நூலைவிட நீளமானது வாடிக்கையாளர் சொல்லும் கதைதான் என்பது உங்களுக்கே தெரியும். ஈப்போவில் பள்ளிக்கூட பேட்ஜ், கோயில் கொடி, சிலம்பக் கழகச் சட்டை என்று என் பிழைப்பு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வால்டர் அங்கிள் வந்தார். அமெரிக்கக் காலாட்படையில் இருந்தவர். பக்கத்து ஊரான செமோரின் லெட்சுமி டீச்சரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டதால் தமிழும் பேசுவார், நம் மலேசியப் பேச்சு வழக்கப்படி வாக்கியக் கடைசியில் 'லா'வும் போடுவார்.

அவருடைய படைப்பிரிவின் கொடி வெள்ளத்தில் நாசமாகிவிட்டதாம். அமெரிக்காவில் பழைய சிப்பாய்கள் கூடும் விழாவுக்கு, "புதுக் கொடி நான் கொண்டுவருகிறேன், நானே ஏந்தியும் வருகிறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானம். கொடி இல்லையென்றால் அத்தனை கிழவர்களும் வெறுங்கம்புக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும்.

ஒரே படை, ஒன்பது அவதாரம்

கொடியைத் தைக்கும் முன் வரலாறு தெரிய வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அந்தப் படையை ஆரம்பித்தார்கள், கலைத்தார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். நம்பரை மாற்றி, இன்னொரு படையோடு சேர்த்து, திரும்பப் பிரித்தார்கள். "அப்புறம் எப்படி அங்கிள் அதே படை?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

என்னிடம் பல வருடமாகத் தைக்கும் சரோஜா அக்கா, சுங்காய் ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "இதுல என்னா தம்பி புரியல? எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடம் மாதிரிதான்லா. தோட்டத்த வித்தாச்சு, ரப்பர் போயி செம்பனை வந்தாச்சு, பள்ளிக்கூடமே டவுனுக்கு வந்திருச்சு. போர்டுல இன்னும் அதே தோட்டத்துப் பேருதானே இருக்கு!"

நாடாக்கள்

கொடிக்கம்பத்தின் உச்சியில் போருக்கு ஒரு நாடா தொங்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம், மேலே பெயர். நாடா குவிந்துகொண்டே போனது. எனக்கு உள்ளுக்குள் அலுப்புதான். 'கொஞ்சம் சண்டையைக் குறைத்திருக்கக் கூடாதா இவர்கள்' என்று முணுமுணுத்தேன்.

வியட்நாம் நாடா மெஷினில் ஏறியபோது அங்கிள் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அவர் அங்கே போனவர். கூடப் போன எல்லாரும் திரும்பவில்லை. முணுமுணுத்ததை நினைத்து வெட்கப்பட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, "இத மட்டும் மெதுவா தைங்க லா" என்றார்.

வெள்ளிக்கிழமை

எங்கள் கடையிலிருந்து கோயில் கொடி எது போனாலும், மூலையில் மஞ்சள் தண்ணீர் தொட்டுக் குங்குமம் வைத்துத்தான் அனுப்புவோம். சரோஜா அக்கா பழக்க தோஷத்தில் படைக்கொடிக்கும் வைத்துவிட்டார். நீலத் துணியில் பளிச்சென்று ஒரு பொட்டு!

அங்கிள் வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலையா அது? பொட்டு கரைந்து உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் பரவியது. அக்கா அழுதேவிட்டார். வேறு தைக்க நேரமில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு அங்கிள் வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கறையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அப்புறம் கடை அதிரச் சிரித்தார்: "அழாதீங்க அக்கா. எத்தன சண்டைக்குப் போன படை இது! பொட்டு வச்சி அனுப்புனது நீங்க ஒருத்தர்தான் லா."

விழா முடிந்ததும்

அமெரிக்காவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் கிழவர்கள் கும்பலாகக் கையசைத்தார்கள், கொடி நடுவில் ஜம்மென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறையைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று பயந்து பயந்து விசாரித்தேன்.

"கேக்காம இருப்பாங்களா? 'இது எந்தச் சண்டையில பட்ட ரத்தம்?'னு ஒருத்தன் கேட்டான். நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு 'ஈப்போ'ன்னு சொல்லிட்டேன் லா!"

ஆகையால் அமெரிக்கக் காலாட்படையின் சரித்திரத்தில் ஈப்போ யுத்தம் என்று ஒன்றை யாராவது எழுதினால், அதில் தோற்றது ஈரத்துணியோடு நின்ற நான் ஒருவன்தான் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.