மடங்கிய மணிக்கட்டு

ஜப்பான்காரன் கணக்கில் அது 2603ஆம் வருஷம். மாதாகோயில் காலண்டரில் 1943. ஸ்டானிஸ்லாஸ் ஜொகூர் பாருவில் வெள்ளைக்காரத் துரைமார்களின் கோல்ஃப் பையைப் பதினாறு வருஷம் சுமந்தவன். அத்தனை வருஷத்தில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. பை தூக்குகிறவன் மட்டையை வீசினால் வேலை போய்விடும்.

துரைமார்கள் ஓடிவிட்டார்கள். திடலில் பாதி மரவள்ளித் தோட்டமாகிவிட்டது. மீதியில் மண்டிய லாலான் புல்லை வெட்ட இரண்டே பேர்: ஸ்டானிஸ்லாஸும் தங்கராஜுவும்.

ஸ்டானிஸ்லாஸ் குடியிருந்தது திடலுக்குப் பின்னால் வேலையாட்கள் வரிசையில், நான்காம் நம்பர் அறையில், தனியாக. அவன் மனைவி அமலோற்பவம் தங்கையின் பிரசவத்துக்காக மூவாருக்குப் பஸ் ஏறிய மறுவாரம் ஜப்பான் சண்டை வந்தது. "எங்கயும் போயிடாதீங்க. இங்கயே இருங்க, வந்துடுறேன்" என்று பஸ் சன்னல் வழியே அவள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. பாஸ் வாங்கி ஒருதரம் மூவாருக்குப் போய்ப் பார்த்தான். வீடு இருந்த இடத்தில் கரி. பக்கத்துக் கடை ருக்னுதீன், "உசுரோடதான் போனாங்க, தம்பி. எந்தப் பக்கம்னுதான் தெரியல" என்றார்.

இனி அவள் தேடி வரத் தெரிந்த இடம் அந்த அறை ஒன்றுதான். கதவில் சுண்ணாம்பால் தன் பெயரை எழுதி வைத்தான். மழை அழித்தால் மறுபடி எழுதுவான்.

அந்த அறையைவிட்டுப் போகும்படிதான் உத்தரவு வந்தது. ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதைக்குப் பதினோரு ஆள் வேண்டும்; முன்னே போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசித்தார், ஒண்டிக்கட்டைகள் முதலில்.

"எனக்குப் பொண்டாட்டி இருக்காங்க, ஐயா."

"எங்க? காட்டு."

காட்ட முடியவில்லை. பதினோராவது பெயர் அவனுடையது. அதோடு கணக்கு நிறைந்தது, அடுத்த பெயரை வாசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ரயில்.

"சயாம்ல அரிசி நெறைய கெடைக்குமாம்லா. எனக்கும் சேத்துத் தின்னு" என்று தங்கராஜு சிரித்தான். பல மாதங்களாக ஸ்டானிஸ்லாஸோடு பேசுகிற ஒரே ஆள் அவன்.

திடலுக்குப் பொறுப்பான ஜப்பான் அதிகாரி, மரவள்ளிக்கு நடுவே ஒரு துண்டு நிலத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார். ஸ்டோரில் கிடைத்த மட்டையால் தினமும் சாயங்காலம் பந்து அடிப்பார். ஒவ்வொன்றும் வலப்பக்கம் வளைந்து மரவள்ளிக்குள் போகும். தேடி எடுப்பது ஸ்டானிஸ்லாஸ்.

"கெனாப்பா?" என்று மலாயில் கேட்பார். ஏன் என்று அவர் கேட்பது பந்தையா, ஸ்டானிஸ்லாஸையா என்று தெரியாது.

பை தூக்கிகள் எல்லாருக்கும் ஒரு பாடம் மனப்பாடம்: அடி மணிக்கட்டில் இருக்கிறது, உதறினால் பந்து பறக்கும். பத்தடி தள்ளி நிற்பவன் கண்ணுக்குக் மட்டையின் கடைசி மின்னல்தானே தெரியும்? ஸ்டானிஸ்லாஸும் அப்படித்தான் நம்பினான். அதிகாரியும் அப்படித்தான் உதறினார்.

வியாழன் காலை. நின்றபடி வீசி வெட்டுகிற நீளக் கத்தி கையில், மனம் ரயிலில். அவசரத்தில் மணிக்கட்டை மேலேயே உதறிவிட்டான். கத்தி புல்லுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியது. அடுத்த வீச்சில் கை தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. லாலான் வரிசையாகப் படுத்தது.

ஸ்டானிஸ்லாஸ் நின்றான். மெதுவாக வீசிப் பார்த்தான். இடுப்பும் தோளும் கீழே இழுக்கின்றன. மணிக்கட்டு மடங்கியது மடங்கியபடியே சும்மா கூட வருகிறது. கை தொடையருகே வரும்போதுதான் கத்தி தானே பாய்கிறது. யாரும் உதறவில்லை. பதினாறு வருஷமாகக் கண் தப்பாகப் பார்த்திருக்கிறது. கைக்குத் தெரிந்திருக்கிறது.

அதைத் தங்கராஜுவிடம் சொன்னான்.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? ஜப்பான்கிட்ட சொல்லு. லிஸ்ட்டுல ஒம்பேர அடிச்சாலும் அடிப்பான்" என்றான் தங்கராஜு. "இல்லன்னா ஒன்னைய அடிப்பான்."

சாயங்காலம் எட்டாவது பந்தும் மரவள்ளிக்குள் போயிற்று. ஸ்டானிஸ்லாஸ் எடுக்கப் போகவில்லை. கத்தியை வீசிக் காட்டினான். அதிகாரிக்குப் புரியவில்லை. மணிக்கட்டை அப்படியே விட்டுவை என்று சொல்ல அவனுக்கு மலாயில் வார்த்தை வரவில்லை. ஓங்கிய மட்டையோடு நின்ற அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, மடங்கியபடியே தொடைவரை இழுத்தான்.

கன்னத்தில் அறை விழுந்தது.

தலைகுனிந்தான். ஆனால் நகரவில்லை. தன் வலது மணிக்கட்டை மடக்கி, இடது கையால் அழுத்திப் பிடித்துக் காட்டியபடியே நின்றான்.

அதிகாரி அந்தக் கையையே பார்த்தார். பிறகு ஓங்கினார். கை முதலில் வந்தது, மட்டை அதன் பின்னால் வந்தது. பந்து நேரே எழும்பி, மரவள்ளியைத் தாண்டி, பழைய கொடிக்கம்பத்தருகே விழுந்தது.

"லாகி" என்றார், இன்னொன்று வை என்று. அதுவும் நேரே போயிற்று. கிராணியைக் கூப்பிட்டு, ஸ்டானிஸ்லாஸைக் காட்டி, இந்த ஆள் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

கிராணி பெயரை அடித்தார். "அப்ப பத்துப் பேருதான், துவான்."

"செபெலாஸ்." பதினொன்று. அதிகாரி பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கிராணி சுற்றிலும் பார்த்தார். கொட்டகை வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த தங்கராஜுவுக்குக் கல்யாணமே ஆகவில்லை; அன்று வாசிக்காமல் விட்ட அடுத்த பெயர் அவனுடையது.

"விடுலா" என்றான் தங்கராஜு, ஸ்டானிஸ்லாஸ் வாய் திறப்பதற்குள். "ஒனக்கும் சேத்து நான் தின்னுக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை ரயில் போயிற்று. அன்றிலிருந்து இரண்டு பேர் புல்லையும் ஸ்டானிஸ்லாஸ் ஒருவனே வெட்டினான்.