நல்ல நேரத்தில் வைத்த நீலம்

எங்கள் வீட்டுக்கு வெளியே என்ன நிறம் அடிப்பது என்று ஒரு கோடைகாலம் முழுக்கச் சண்டை பிடித்தோம். என் கணவர் எதையும் நாலு பேரிடம் கேட்காமல் செய்யமாட்டார். புதுச் சப்பாத்து வாங்கினாலே மார்க்கம் நகரில் இருக்கும் தமக்கைக்குப் படம் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் காலை உள்ளே விடுவார். அப்படிப்பட்ட மனிதர் கையில் ஒரு முழு வீடு அகப்பட்டால் விடுவாரா?

எனக்கு நீலம் வேண்டும். வெளிர் நீலம், சாம்பல் கலந்த நீலம் என்ற மழுப்பல் எல்லாம் வேண்டாம். மைப்போத்தல் நீலம். கனடாவுக்கு வந்து பல வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்தது மற்றவர்களின் வீடுகளுக்கு அடியில், நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்டுகளில். பேஸ்மென்டில் குசினி இருக்கும், குளியலறை இருக்கும், பூஞ்சணம்கூட இருக்கும். வெளிப்பக்கம் மட்டும் இருக்காது. யன்னலால் பார்த்தால் புல்லும் மற்றவர்களின் கால்களும் தெரியும். மோர்னிங்சைடில் இந்த வீட்டை வாங்கிய அன்று எல்லோரும் உள்ளே போய் அறைகளைப் பார்த்தார்கள். நான் வெளியே நின்று சுவரைப் பார்த்தேன். முதல் முறையாக எனக்கென்று ஒரு வெளிப்பக்கம். அதில் ஊரின் விருப்பம் வேண்டாம், என்னுடைய விருப்பம் மட்டும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இவருக்கோ பிஸ்கட் நிறம். கடைக்காரர்கள் அதற்கு விடிகாலைப் பனி, பாலைவனக் காற்று என்று ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தேத்தண்ணியில் தோய்த்துத் தவறவிட்ட பிஸ்கட்தான் தெரிந்தது.

கடையில் மாதிரி பார்க்கச் சின்ன டின்களில் பெயின்ட் விற்பார்கள். இவர் அவற்றை வாங்கி வந்து முன்சுவரில் திட்டுத் திட்டாகப் பூசினார். வருகிற விருந்தாளிகளுக்கு முதலில் தேத்தண்ணி, பிறகு சுவர். வந்தவர்களும் சும்மா இருந்தார்களா? அடுத்த முறை வரும்போது தங்கள் வீட்டில் மிஞ்சிய பெயின்டைக் கொண்டுவந்து, "இதையும் ஒருக்காப் பூசிப் பாருங்கோ" என்றார்கள். கொப்புளிப்பான் போட்ட பிள்ளை மாதிரி நின்றது வீடு.

"நீலம் அடிச்சால் பல் டொக்டரின்ர ஒஃபிஸ் மாதிரி இருக்கும்" என்றார் தமக்கை. எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்டாக இருப்பார். அந்த ஒருவர், "அன்ரி, நீலம் எண்டால் பிறகு விக்கேலாது" என்றார். நான் எப்போது விற்கிறேன் என்று சொன்னேன்? மகளிடம் போனால் அவள் தொலைபேசியில் இருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, ஜஸ்ட் கோ வித் கிரே" என்றாள். பெற்ற வயிறு எரிந்தது.

இதற்கிடையில் பெயின்டர் வரும் கிழமை நெருங்கிவிட்டது. நிறம் முடிவாகவில்லை. ஆனால் நல்ல நேரம் முடிவாகிவிட்டது. இவர் கோயில் ஐயருக்குப் போன் அடித்து, வேலை தொடங்க நாள் கேட்டிருந்தார். திங்கள் காலை, சூரியன் எழும்பின கையோடு. பெயின்டர் அந்த நேரத்துக்கு வரமாட்டார். அதனால் என்ன, நல்ல நேரத்தில் நாங்களே சுவரில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் வேலை தொடங்கியதாகக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இவர் பெரிய பிரசங்கம் வைத்தார். "நல்ல நேரத்தில தொடங்கினதை இடையில மாத்தக்கூடாது. குடும்பத்துக்குக் கூடாது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சோற்றைப் பிசைந்தேன்.

மறுநாள் விடிய, இவர் படுத்திருந்த பக்கத்தில் போர்வை மேடாக இருந்ததைப் பார்த்துவிட்டு, இரவுச் சட்டைக்கு மேலே ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு பூனை மாதிரி இறங்கினேன். ஒளித்து வைத்திருந்த நீல டின்னைத் திறந்து, பிள்ளையாரே என்று முன்சுவரில் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு என்று தொடங்கியது, கை நிற்கவில்லை. கதவளவுக்குப் பூசிவிட்டேன்.

வீட்டின் பக்கவாட்டுக் கதவால் எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பெண் வெளியே வந்தாள். ஊரில் இருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. பேக்கரியில் காலை வேலை. ஜக்கெட்டும் பிரஷுமாக நின்ற என்னைப் பார்த்து முதலில் பயந்துவிட்டாள்.

"என்னன்ரி, இந்த நேரத்தில?"

"நல்ல நேரம் பிள்ளை. சத்தம் போடாத."

அவள் சுவரைப் பார்த்தாள். "சோக்கான நீலம்" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு ஓடினாள்.

வெற்றிக் களிப்போடு இவரை எழுப்பப் போனேன். போர்வைக்குள் இரண்டு தலையணைதான் இருந்தன. பின்வளவுக்கு ஓடினேன். மனிதர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று பின்சுவரில் பிஸ்கட் பூசிக்கொண்டிருந்தார். எங்கள் அறை முன்பக்கம் என்பதால், சத்தம் கேட்காமல் இருக்கப் பின்னுக்குப் போயிருக்கிறார்.

"நான் தொடங்கிட்டன்" என்றார், சிரித்துக்கொண்டு.

"நானும்தான். முன்னுக்குப் போய்ப் பாருங்கோ."

பார்த்துவிட்டு வந்தவர், "உமக்கென்ன விசரா?" என்றார். கையில் பிரஷோடு கேட்கிற கேள்வியா அது? எதை அழிப்பது? இரண்டும் நல்ல நேரத்தில் தொடங்கியவை. ஐயருக்கே அடித்துக் கேட்டோம். நித்திரைக் குரலில், "ரெண்டையும் நிறைவாக்குங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் நீலம், பின்பக்கம் பிஸ்கட். பக்கச் சுவர்களுக்கு இன்னொரு சண்டை நடந்தது. வேலிப் பக்கத்தை அவருக்குக் கொடுத்து, கார்ப் பாதைப் பக்கத்தை நான் எடுத்தேன். பெயின்டர் இது ஒரு வீடா இரண்டு வீடா என்று கேட்டார். அதை நாங்களே இன்னும் யோசிக்கிறோம் என்றேன்.

வேலை முடிந்து சில நாள் கழித்து, பேஸ்மென்ட் யன்னலோரம் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தப் பெண் யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பஸ்சால இறங்கி நேர வா. நீல வீடு. உந்த றோட்டில வேற நீலம் இல்லை. ஓமடி, அதுதான் என்ர வீடு."

கையில் பிடுங்கிய புல்லோடு அப்படியே இருந்தேன். கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்கவேண்டும்? எனக்கு மட்டும், எனக்கு மட்டும் என்று ஒரு கோடை முழுக்க நான் சண்டை பிடித்த நீலம் அது. வைத்துக்கொள் பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, அவளுக்குச் சத்தம் கேட்காமல் எழும்பிப் போனேன்.