சுமைதாங்கி இருந்த இடம்

உசிலம்பட்டிச் சாலையில், எங்கள் ஊர்ப் பாதை பிரியும் முனையில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. உள்ளே பனைகளுக்கு நடுவே இருக்கும் முழுக்கு ஞானஸ்நானச் சபைக் கோவிலுக்கு ஐம்பது வருஷம் நிறைந்ததைச் சொல்லும் கல். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வாசித்துவிட்டு, "அடேயப்பா, அம்புட்டுப் பழைய கோவிலா!" என்பார்கள். எனக்கு மட்டும் அதை நிமிர்ந்து பார்க்க இன்றுவரை துணிவில்லை.

அது என் அக்காவின் கல். நிறைமாதத்தில், பிள்ளையைப் பெறாமலே செத்துப்போனாள் அக்கா. அப்படிச் சாகிறவள் சுமையோடு போகிறாள், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்தால் அவள் சுமையும் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மகளுக்காக அய்யா அந்த முனையில் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளப் பலகைக்கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி வைத்தார். சந்தைக்குப் போகிற பெண்கள் யார் துணையும் இல்லாமல் கட்டை இறக்கி, மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். ஆத்தா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அதற்கப்புறம்தான் நாங்கள் வேதத்தில் சேர்ந்தோம். கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரில் போதகர் ஒவ்வொருவராக முக்கி எடுத்தார். ஆத்தா மட்டும் சுமைதாங்கிக்கு மஞ்சள் பூசுவதை விடவில்லை. அதைச் சபையில் ஒருவர் குத்திப் பேசிவிட்டார். அய்யாவுக்கு முகமே செத்துவிட்டது. நினைவுக்கல்லுக்குத் தோதான கல் கிடைக்கவில்லை என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது விருட்டென்று எழுந்தார்.

"எங்க கல்லு கெடக்கு. எடுத்துக்கங்க."

சபையே ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்! வீட்டுக்கு வந்ததும் ஆத்தா ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?" அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பலகைக்கல்லைப் பெயர்த்து, எழுத்துக் கொத்தி, சாலையோரத்தில் நிமிர்த்தி நட்டார்கள். அடுத்த சந்தையன்று நானும் அய்யாவும் அந்தப் பக்கம் போனோம். விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண், மொட்டையாய் நின்ற இரண்டு கல்லையும் பார்த்துத் திகைத்து நின்றாள். முழுகாமல் இருந்தவள், வயிறு நன்றாகத் தெரிந்தது.

"ஏண்ணே, இங்கன கெடந்த கல்லு எங்கண்ணே? எந்தப் பாவி பேத்தான்?"

அய்யா ஓடிப்போய்க் கட்டை வாங்கி இறக்கினார். பெயர்த்தவர் தான்தான் என்று சொல்லாமலே, அவள் இளைப்பாறியதும் மறுபடி தூக்கிவிட்டார்.

அன்றிலிருந்து சந்தை நாளெல்லாம் அந்த முனையில் போய் நின்றார். வருகிறவர்களுக்குக் கட்டை இறக்குவதும் மறுபடி தூக்கிவிடுவதுமாக, வெயிலில் கருவாடாய்க் காய்ந்தார். "என்ன மாப்ள, கூலி எம்புட்டு?" என்று ஊர் கிண்டலடித்தது. எனக்கு மானம் போயிற்று.

"வேற ஒரு கல்லப் போட்டுத் தொலைக்க வேண்டியதுதான அய்யா!" என்று கத்தினேன்.

"சபை என்ன சொல்லும் தாயி?" என்றார். அந்தப் பயம் மட்டும் அவரை விடவே இல்லை.

ஒரு சந்தை நாளில் நானும் ஆத்தாவும் காட்டிலிருந்து அடுப்பெரிக்கப் பருத்திமார்க் கட்டோடு அந்த வழியாக வந்தோம். ஆத்தாவைக் கண்டதும் அய்யா ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு, செத்த எறக்கி வச்சுட்டுப் போ."

ஆத்தா நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கட்டைக் கொடுக்கவில்லை.

"ஊர்ல உள்ளவுகளுக்கெல்லாம் எறக்கி விடுறீக. எம்மக இன்னும் தூக்கிக்கிட்டுத்தான நிக்கிறா, அவளுக்கு யாரு எறக்குவா?"

சொல்லிவிட்டுச் சுமையோடு நடந்து போனாள். அய்யா நீட்டிய கையை மடக்கவே இல்லை. என் தலையிலும் ஒரு கட்டு இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் இறக்கச் சொல்லிக் கேட்கவில்லை.