போடிமெட்டில் உயர்ந்த புகைபோக்கி

காலை ஏழு மணிக்குப் போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்தருகே ஜீப்பில் ஏறினோம். போடிமெட்டுக்கு ஆளுக்கு நூறு ரூபாய். பத்துப் பேர் சேரும்வரை வண்டி நின்ற இடத்திலேயே உறுமிப் புகை கக்கியது. இளைப்பு நோயுள்ள என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“எஞ்சினை அணைக்கக் கூடாதா தம்பி?” என்று கேட்டேன்.

“அணைச்சா மறுக்கா தள்ளணும் அப்பு. நீங்க தள்ளுவீகளா?” என்றார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்; நான் சிரிக்கவில்லை.

இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளையும் அவள் இருமலையும் சேர்த்தே எண்ணினேன். ஆறாவது வளைவுக்குமேல் இருமல் நின்றது. என் கவலை நிற்கவில்லை. மெட்டை அடுத்த ஏலக்காய்த் தோட்டத்தில் எங்கள் மகள் செல்வி மேற்பார்வையாளர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய் வராவிட்டால் அவள் வேலையை விட வேண்டும். சென்ற பருவத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரின் விறகுப் புகை வீடுகளுக்குள் இறங்கியதால், இரண்டாம் நாளே மனைவியைக் கீழே கூட்டிவந்தேன்.

இப்போது போய் இறங்கியபோது ஸ்டோரின் புகைபோக்கி கூரைக்குமேல் இரண்டு ஆள் உயரம் நின்றது.

“ஒங்க மக செஞ்ச சோலியக் கேட்டீகளா அண்ணே?” என்றார் செல்வியின் பக்கத்து வீட்டு மாரியம்மா. “காஞ்ச காய் ஒரு கையி எடுத்து, ராத்திரி பூரா எங்க வீட்டுச் சன்னல்ல வச்சா. காலைல மொதலாளி கைல குடுத்தா. நசுக்கி மோந்தாரு. ‘சீ, புகை வாடை! போடி ஏலத்துல ஒருத்தன் தொடமாட்டான். எவன் சரக்கு?’ன்னாரு. ‘நம்ம சரக்குதான். ஒரு ராத்திரி எங்க சன்னல்ல இருந்துச்சு. எங்க நெஞ்சு வருசம் பூரா அங்கதான இருக்கு’ன்னா. மறுவாரமே ஆள வச்சு புகைபோக்கிய ஒசத்திட்டாரு!”

செல்வி தலைகுனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மாலையில் ஸ்டோரில் அடுப்பு மூட்டினார்கள். பேரனைத் தோளில் போட்டபடி மனைவி வாசலில் நின்றாள். அரை மணி நேரம் காது கொடுத்தேன். ஓர் இருமல்கூட இல்லை.

ஆனாலும் புகை இல்லாமல் போகவில்லையே. காற்று திரும்பினால் அடுத்த தோட்டத்தில் இறங்குமே என்றேன்.

“தெரியும்ப்பா. விறகடுப்பையே மாத்தணும்னு கேட்டிருக்கோம்,” என்றாள் செல்வி.

“இருமல எண்ணுனது போதும். வெரசா கெளம்புங்க, கடைசி ஜீப்பு போயிரும்,” என்றாள் மனைவி.

போடியில் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் பழகியிருக்கிறோம்; யாராவது சிரித்துவிட்டால் அதற்குமேல் கேட்டதில்லை. வீட்டில் இனி நானே சமைக்க வேண்டும். இருக்கட்டும். ஜீப் முதல் வளைவில் திரும்புமுன், பக்கத்திலிருந்தவர் கேட்காமலேயே, அந்தப் புகைபோக்கியைக் காட்டிச் சொன்னேன்: “என் மகள் கேட்டு உயர்த்தியது.”